வீட்டுக்கு ஒருவர்

கட்டாய ராணுவ சேவைக்கு எதிரான பெண்ணியம் என்றதும் ஆய்வாளர்கள் 1998இல் இஸ்ரேலில் தொடங்கிய ‘நியூ புரொஃபைல்’ அமைப்பைச் சுட்டுவார்கள். அங்கே எதிர்த்து நிற்க ஒரு சட்டம் இருந்தது. ஈழத்திலோ சட்டமே இல்லாமல் ஆள் பிடித்தார்கள். அதனால்தானோ என்னவோ, அதற்கு எதிராக நின்ற தமிழ்ப் பெண்களின் வரலாறு இத்துறையின் ஓரத்திலேயே கிடக்கிறது.

1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவானது. இலங்கை ராணுவம் கொண்டுபோன பிள்ளைகளை விடச்சொல்லித் தாய்மார் தெருவில் இறங்கினார்கள். 1986இல் வந்த ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பு போரைப் பெண் குரலில் பேசியது. ஆனால் எல்லாத் துப்பாக்கிகளையும் ஒரே தராசில் வைத்தவர் ராஜனி திராணகம. யாழ் மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர். ஒருகாலத்தில் விடுதலைப் புலிகளோடு இருந்தவர். இந்திய அமைதிப்படைக் காலத்தில் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் நேரில் போய்க் கேட்டு எழுதினார். ‘முறிந்த பனை’ நூலில் அவர் எழுதிய பகுதி இன்றும் இத்துறையின் மூல ஆவணம் என்பேன். ராணுவங்களின் கொடுமையோடு, பெண்ணை வீரத்தாயாக்கிப் பிள்ளையைக் கேட்கும் இயக்கங்களின் வீரக்கதையையும் அவர் கேள்வி கேட்டார். 1989 செப்டம்பர் 21 அன்று, வளாகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டார். வயது 35. கொன்றது புலிகளே என்பது அவருடைய சகாக்களின் குற்றச்சாட்டு. கவிஞர் செல்வியைப் புலிகள் 1991இல் பிடித்துச் சென்றார்கள், அவர் திரும்பவில்லை.

நாம் பேசத் தயங்கும் ஒன்றும் உண்டு. அதே 1989இல் புலிகளுக்கு எதிரான தமிழ்த் தேசிய ராணுவத்துக்குப் பையன்களை வலிந்து பிடித்தபோது, பின்னால் நின்றது இந்தியப் படை. பின்னாளில் வன்னியில் புலிகள் ‘வீட்டுக்கு ஒருவர்’ என்றார்கள். மணமானவர்களைப் பிடிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில், பள்ளி வயதுப் பெண்ணுக்கும் அவசரமாகத் தாலி கட்டிவைத்தார்கள் பெற்றோர். பிள்ளையைக் காக்க வேறொரு சிறைக்குள் தள்ளிய கொடுமை அது. கடைசிக் காலக் கட்டாய ஆட்சேர்ப்பைப் புலிகளின் மகளிர் அரசியல் பொறுப்பாளராக இருந்த தமிழினியே ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ நூலில் மனம் நொந்து எழுதினார்.

ஆய்வுலகம் நெடுங்காலம் வாதிட்டது பெண் போராளிகளைப் பற்றித்தான். துப்பாக்கி ஏந்தியது விடுதலை என்றார் புலிகளின் பக்கம் நின்ற அடேல் பாலசிங்கம். சட்ட அறிஞர் ராதிகா குமாரசுவாமி மறுத்தார். இரு தரப்பும் முக்கியம். ஆனாலும் வாசலில் நின்று “என்ர பிள்ளையத் தரமாட்டன்” என்று மறித்த தாயை அந்த விவாதம் ஓரமாகவே பார்த்தது. 2004இல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தபின் வீடு வந்த சிறுவர்களை மறுபடி கேட்டுப் புலிகளின் ஆட்கள் வந்தபோது, மட்டக்களப்பில் மறித்தவர்களும் அத்தகைய பெற்றோரே. இதை நான் அரசியல் செயல்பாடாகவே எண்ணுகிறேன்; கொடியும் அறிக்கையும் இல்லாததால் அது குறைந்துபோகாது.

எந்தப் படைக்கும் மகனைக் கொடுக்க மனமின்றித் தமிழகத்துக்குப் படகேறிய தாய்மார் உண்டு. மதுரை ஆரப்பாளையத்திலிருந்து ஆனையூர் அகதி முகாம் டவுன் பஸ் தூரம்தான். மதுரையில் பெண்ணியம் படிக்கும் மாணவிகள் அங்கே போய்க் கேட்க வேண்டும்: யார் வந்து கதவைத் தட்டினார்கள், பிள்ளையை எங்கே ஒளித்தீர்கள், அக்கம்பக்கத்தில் எந்தப் பெண்கள் துணை நின்றார்கள்?