கடலில்லாத ஊரின் கடல்

மனிலா ரோடு இசைக்குழுவைப் புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது 'நெக்ரோபோலிஸ்'. 1983-இல் வந்த 'கிரிஸ்டல் லாஜிக்' ஆல்பத்தில், உருமாற்றிய குரலில் ஒரு முன்னுரை ஒலித்து முடிந்ததும் இந்தப் பாட்டு பாய்ந்து வருகிறது. மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும் நீளம்தான். கிதார் ஒரே மூச்சில் ஓடுகிறது. டிரம்ஸ் வறண்டு ஒலிக்கிறது. எதிரொலி பூசி அதைப் பெரிதாக்க யாரும் மெனக்கெடவில்லை. பெரும் பணம் போட்டுச் செய்த பதிவு இல்லை என்பது பத்து நொடியிலேயே தெரிந்துவிடும். இதே பாட்டை யூட்டா மாநிலத்தின் விசிகோத் குழு 2015-இல் தன் முதல் ஆல்பத்தில் வாசித்திருக்கிறது. கனமும் தெளிவுமாக, மிகுந்த மரியாதையோடு செய்த பதிவு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எனக்குப் பழையதுதான் பெரிதாகத் தெரிகிறது. அதில் குரலுக்கும் கிதாருக்கும் நடுவே நிறைய இடம் காலியாகக் கிடக்கிறது. தலைப்பு சொல்லும் இறந்தோர் நகரத்தை அந்த இடத்தில் கேட்பவரே கட்டிக்கொள்கிறார்.

குழு பிறந்தது 1977-இல், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டாவில். கோதுமை வயல்களுக்கு நடுவே விமானம் கட்டும் ஊர் அது. செஸ்னாவும் பீச்கிராஃப்டும் அங்கிருந்துதான் வருகின்றன. ஹெவி மெட்டல் வியாபாரம் நடந்த லாஸ் ஏஞ்சல்ஸும் நியூயார்க்கும் எங்கோ தொலைவில். மார்க் ஷெல்டன் கிதார் வாசித்தார், பாடினார், பாட்டும் எழுதினார். கூட ஸ்காட் பார்க் பேஸ், ரிக் ஃபிஷர் டிரம்ஸ். பெரிய கம்பெனி எதுவும் இவர்களைத் தேடி வரவில்லை. ரோட்ஸ்டர் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாக ஒரு லேபிள் தொடங்கி, 1980-இல் 'இன்வேஷன்', 1982-இல் 'மெட்டல்', அடுத்த ஆண்டு 'கிரிஸ்டல் லாஜிக்' என்று தாங்களே வெளியிட்டார்கள். இடையில் 1981-இல் பதிவு செய்த ஒரு முழு ஆல்பத்தைத் திருப்தி இல்லாமல் ஓரங்கட்டினார்கள். அது 2002-இல்தான் 'மார்க் ஆஃப் த பீஸ்ட்' என்ற பெயரில் வெளிவந்தது. சொந்தக் காசில் பதிவு செய்ததைத் தூக்கி வைப்பதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். பிடிக்காததை வெளியிடச் சொல்ல மேலே யாரும் இல்லாததும் ஒரு வசதிதான்.

'கிரிஸ்டல் லாஜிக்' முழுவதும் மாசற்றது என்று நான் சொல்ல மாட்டேன். 'ஃபீலிங் ஃப்ரீ அகைன்' வானொலிக்கென்று எழுதியதுபோல இருக்கிறது. இரண்டு பெரிய பாட்டுகளுக்கு நடுவே வழிதவறி வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விடலாம். ஆனால் கடைசியில் வரும் 'ட்ரீம்ஸ் ஆஃப் எஸ்கட்டான்' பாட்டைத் தாண்டக் கூடாது. உலகம் முடியும் நாளைப் பற்றிய பத்து நிமிடப் பாட்டு. அதில் ஷெல்டன் அவசரப்படுவதே இல்லை. மென்மையில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் நின்று மேலே ஏறுகிறார்.

ஷெல்டனின் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் அங்கேயே திரும்பிப் போய்விடுகிறார்கள். மூக்கால் பாடுகிறார். மெட்டல் பாடகர்களான ரானி ஜேம்ஸ் டியோவின் கம்பீரமோ ராப் ஹால்ஃபோர்டின் உச்ச ஸ்தாயியோ அவரிடம் இல்லை. அவர் குரலில் இருப்பது கதை சொல்லும் நிதானம். ஒரு வரியை எங்கே இழுக்க வேண்டும், எந்தப் பெயரை அழுத்த வேண்டும், கிதாருக்கு எப்போது வழிவிட வேண்டும் என்று அந்தக் குரலுக்குத் தெரியும். கேட்கக் கேட்க, இந்தக் கதைகளை வேறு யார் சொன்னாலும் ஒட்டாது என்று தோன்றிவிடும்.

கதைகளில் பல, கோனன் என்ற வாள்வீரனைப் படைத்த எழுத்தாளர் ராபர்ட் ஈ. ஹோவர்டிடமிருந்து வந்தவை. 'மெட்டல்' ஆல்பத்தின் 'க்வீன் ஆஃப் த பிளாக் கோஸ்ட்', 'ஓப்பன் த கேட்ஸ்' ஆல்பத்தின் 'அவர் ஆஃப் த டிராகன்' என்று பாட்டுத் தலைப்புகளே அவருடைய கதைத் தலைப்புகள். ஹோவர்டும் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ளடங்கிக் கிடந்த ஒரு சிற்றூரில் உட்கார்ந்துகொண்டு, கண்ணால் காணாத துறைமுகங்களையும் கடற்கொள்ளையர்களையும் எழுதித் தள்ளியவர். விச்சிட்டாவிலிருந்து எந்தத் திசையில் போனாலும் 800 கிலோமீட்டருக்குள் கடல் கிடையாது. அந்த ஊர்க்காரர் ஷெல்டனின் பாட்டுகளில் எத்தனை கடல்! 'தி நைன்த் வேவ்' என்ற ஒன்பதாம் அலை, 'தி டெல்யூஜ்' என்ற பெருவெள்ளம், 'அட்லாண்டிஸ் ரைசிங்' ஆல்பத்தில் மூழ்கிய கண்டம், 'வாயேஜர்' ஆல்பத்தில் வைக்கிங்குகளின் பயணம். கடற்கரையில் வளர்ந்தவருக்கு அலை அன்றாடக் காட்சி. சமவெளியில் வளர்ந்தவருக்கு அது முழுக்க முழுக்கக் கற்பனை. அதனால்தான் அவருடைய அலைகள் இத்தனை உயரம் என்று நினைக்கிறேன்.

1985-இல் 'ஓப்பன் த கேட்ஸ்' ஆல்பத்தை பிரான்ஸின் பிளாக் டிராகன் என்ற சிறு நிறுவனம் வெளியிட்டது. சொந்த நாட்டில் கிடைக்காத காது ஐரோப்பாவில் கிடைக்கத் தொடங்கியது. டிரம்ஸில் ரேண்டி ஃபாக்ஸ் வந்தார், கீபோர்டும் வாசிப்பவர். அவர் வந்த பிறகு இது வேறொரு குழு. தாளத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிற வாசிப்பு இல்லை அவருடையது. பாட்டின் ஒவ்வொரு சந்திலும் நுழைந்து உருட்டுகிறார், திருப்பத்துக்குத் திருப்பம் கிதாரோடு மல்லுக்கு நிற்கிறார். மூன்று பேர் மட்டும் உள்ள குழுவில், கிதார் தனியாவர்த்தனத்துக்குக் கிளம்பினால் கீழே வெற்றிடம் விழும். ஸ்காட் பார்க்கின் பேஸும் ஃபாக்ஸின் டிரம்ஸும் அதை நிரப்பும் விதத்தில்தான் மனிலா ரோடின் தனி ஒலி உருவாகிறது. 'தி நைன்த் வேவ்' பாட்டை இதற்காகவே ஒருமுறை ஷெல்டனை மறந்துவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்க வேண்டும். ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளும் கனத்த நடை; ஓரிடத்திலும் வேகத்துக்கு ஆசைப்படவில்லை.

1986-இன் 'தி டெல்யூஜ்' தான் இவர்களின் சிகரம் என்பது என் முடிவு. 'கிரிஸ்டல் லாஜிக்' என்று சொல்பவர்கள்தான் அதிகம். அவர்களோடு சண்டை இல்லை. ஆனால் 'டிமென்ஷியா' வெடித்துக் கிளம்புவது முதல், பல பகுதிகளாகப் பிரிந்து பொங்கும் தலைப்புப் பாட்டு வரை, மூவரும் ஒரே உச்சத்தில் இருப்பது இந்த ஒரு ஆல்பத்தில்தான். அடுத்த ஆண்டின் 'மிஸ்டிஃபிகேஷன்' எட்கர் ஆலன் போவின் எழுத்துகளைப் பெரிதும் சார்ந்தது. 1988-இன் 'அவுட் ஆஃப் தி அபிஸ்' வேகத்தை நாடிப் போனது. எனக்கு அதில் அவ்வளவு ஈர்ப்பு இல்லை. 1990-இன் 'தி கோர்ட்ஸ் ஆஃப் கேயாஸ்' ஆல்பத்தோடு குழு கலைந்தது. 1992-இல் ஷெல்டன் வேறு ஆட்களோடு சர்கஸ் மேக்சிமஸ் என்ற பெயரில் செய்த பதிவையும் அதை வெளியிட்ட நிறுவனம் மனிலா ரோடு என்றே அச்சிட்டு விற்றது.

பத்தாண்டு கழித்து ஜெர்மனி கூப்பிட்டது. 2000-இல் 'பேங் யுவர் ஹெட்' விழாவில் வாசித்து, மறு ஆண்டே 'அட்லாண்டிஸ் ரைசிங்' ஆல்பத்தோடு ஷெல்டன் திரும்பினார். கூடப் பாட வந்தவர் பிரையன் பேட்ரிக், ரசிகர்களுக்கு 'ஹெல்ரோடி'. குழுவின் சாமான்களைச் சுமந்து திரிந்த உதவியாளர் அவர். எல்லாப் பாட்டையும் ஆண்டுக்கணக்கில் மேடையோரம் நின்று கேட்டவர். அவர் குரல் ஷெல்டனின் குரலோடு எப்படி ஒன்றிப்போனதென்றால், சில வரிகளில் யார் பாடுகிறார் என்று சொல்லவே முடிவதில்லை. அதன் பிறகு 2017-இன் 'டு கில் எ கிங்' வரை ஆல்பங்கள் நிற்கவில்லை. 2018 ஜூலையில் ஜெர்மனியின் ஹெட்பேங்கர்ஸ் ஓப்பன் ஏர் விழாவில் வாசித்த கையோடு, 60 வயதில் ஷெல்டன் காலமானார்.

மறுவருகைக் காலத்துப் பதிவுகளைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரிய நஷ்டம். 2005-இன் 'கேட்ஸ் ஆஃப் ஃபயர்' ஒன்பது பாட்டு, மூன்று கதை: ஹோவர்டின் பனி அரக்கன் மகள், டிராய் வீழ்ந்தபின் ரோமை நோக்கிய பயணம், தெர்மோபிலே போரில் ஸ்பார்டா மன்னன் லியோனிடாஸ். பத்து நிமிடத்தைத் தாண்டும் பாட்டுகள் இதில் உண்டு. லியோனிடாஸுக்கான கடைசிப் பாட்டு 'எபிடாஃப் டு த கிங்' எந்த இடத்திலும் நம்மைக் கவர்ந்திழுக்க முயலாமல், தன் நடையில் மெல்ல நடந்து போகிறது. காசு போட்ட கம்பெனி எதுவும் இதை இந்த நீளத்தில் விட்டுவைத்திருக்காது. பாதியாக வெட்டச் சொல்லியிருக்கும், ஷெல்டனும் மறுத்திருப்பார்.