மீனுக்குப் பெயர் இருக்கிறது

பழவேற்காட்டில் ஆவணம் தேடிப் போகிறவருக்கு முதலில் கிடைப்பது செத்தவர்களின் பெயர்தான். டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக்காரர்களின் பெயர், தேதி எல்லாம் கல்லில். தொல்லியல் துறையின் பாதுகாப்பு வேறு. கேமராவோடு வருகிறவர்கள் குப்பத்துக்குப் போவது அதற்கப்புறம்தான், பொழுதிருந்தால்.

நான் பேச வந்தது 1870களின் காகிதங்களைப் பற்றி. ராணுவ மருத்துவரும் மீன்துறைத் தலைமை ஆய்வாளருமான பிரான்சிஸ் டே 1873இல் கடல்மீன் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். அதில் மீனைவிட அதிகம் நாறுவது உப்பு. உப்பு சர்க்கார் ஏகபோகம். வரியேறிய விலையில் வாங்கிக் கருவாடு போட மீனவனால் முடியாது. மலிவு உப்பு தரலாம் என்றார் டே. தந்தார்கள், உப்பு இலாகாவின் வேலிக்குள். ஆக மீனவன் இந்தச் சொல்லாடலுக்குள் நுழைவதே உப்பைக் கடத்தக்கூடியவனாகத்தான்.

இதே டே 1875 முதல் 1878 வரை இந்திய மீன்கள் பற்றிய பெருநூலைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு மீனுக்கும் நுணுக்கமான படம்; பலவற்றுக்குத் தமிழ்ப் பெயரும் உண்டு. அந்தப் பெயர்களை உச்சரித்த வாய்கள் எவை? 'மீனவர்கள்' என்ற பன்மையில் கரைந்துபோன வாய்கள்.

அதே வருஷங்களில், 1876-78 பஞ்சத்தில், குதிரைப்படை அதிகாரி ஹூப்பர் எடுத்த படங்களைப் பாருங்கள். விலா எலும்பு தெரிய, வரிசையாக உட்காரவைக்கப்பட்ட மனிதர்கள். பெயர் கிடையாது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்ட கால்வாய்க்கோ 1878இல் கவர்னர் பக்கிங்ஹாம் பெயர் வந்தது. அதன் வடக்குக் கிளைதான் பழவேற்காட்டு ஏரிக்கும் போகிறது. வெட்டினவன் பெயர் எங்கே?

நம்ம தோழர்கள் ஹூப்பரின் படங்களை எடுத்து அட்டையில் போடுகிறார்கள். சுரண்டலைக் காட்டுகிறோம் என்கிறார்கள். சரி, அப்படியே வச்சுக்குவோம். ஆனால் உட்காரவைத்தவனின் கண்தான் அங்கே இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஏரிக்குத் தன் ஆவணம் உண்டு. அதன் பெயர் பாடு. எந்த இடத்தில், எந்த நாள், யார் வலை போடுவது என்று முறைவைத்துப் பங்கிடும் ஏற்பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மூன்றும் இதில் பழைய ஊர்கள். 2018இல் அதானி குழுமம் வாங்கிய காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விரிவாக்கத்தை எதிர்க்கிறவர்களுக்கு ஹூப்பரின் படத்தைவிட இந்த முறைதான் வலுவான சான்று. ஏரி யாருக்கும் சொந்தமில்லாத தண்ணீர் என்ற வாதத்தை அது நேராக அடிக்கிறது.

ஆனால் பாடு குறித்த நம் பரவசம் எனக்கு ஒப்பவில்லை. மரபாகப் பாட்டில் பங்கு பட்டினவர் சாதி ஆண்களுக்கு மட்டும். பிற ஊர்கள் உரிமை கேட்டபோதெல்லாம் மோதல். வாயில் பறியைக் கடித்தபடி, சேற்றில் தவழ்ந்து கையால் இறால் தடவும் இருளர் பெண்ணுக்கு அங்கே முறை இல்லை. டேயின் பன்மையில் கரைந்தவர்கள் ஆண்களாவது. இவள் அந்தப் பன்மையிலும் இல்லை. துறைமுகத்துக்கு எதிரான மனுவில் பாட்டைச் சான்றாக வைக்கும்போது 'பாரம்பரிய மீனவர்' என்று எழுதுகிறோமே, அந்தச் சொல்லுக்குள் இவள் இருக்கிறாளா? மனு போடுமுன் மூன்று குப்பங்களோடும் இருளர் குடியிருப்புகளோடும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.