பைலட் வண்டிக்குப் பின்னால் ஓடும் பிள்ளைகள்

மினி மாரத்தான் நடத்தினால் பிள்ளைகளுக்குத் தம் கூடும் என்பது இன்று யாரும் மறுத்துப் பேசாத வாதமாகிவிட்டது. காவல் துறை நடத்துகிறது, கல்லூரி நடத்துகிறது, நகைக்கடையும் நடத்துகிறது. ஆந்திரத்தில் 2023 டிசம்பர் 26 அன்று தொடங்கிய ‘ஆடுதாம் ஆந்திரா’ அரசு விளையாட்டு விழாவிலும் கிரிக்கெட், கபடி, கோ-கோ, வாலிபால், பாட்மிண்டன் ஆகியவைதான் முதன்மைப் போட்டிகள், மாரத்தான் யோகாவோடு சேர்ந்து ஓர் ஒட்டாக வந்தது. விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த ரோஜா அப்போது நகரியின் சட்டமன்ற உறுப்பினர். வேடிக்கைதான், நெடுந்தூர ஓட்டம் கற்றுக்கொடுக்க நகரியைவிட நல்ல நிலம் தேடினாலும் கிடைக்காது.

இந்த ஓட்டங்களால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடியலில் பிள்ளையைப் படுக்கையிலிருந்து எழுப்புவதே பெரிய காரியம். தூரம்தான் மிகை: உலக கிராஸ் கன்ட்ரி போட்டியிலேயே 20 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு 6 கிலோமீட்டர், ஆண்களுக்கு 8. இங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளையை 5 கிலோமீட்டர் தார்ச்சாலையில் ஓடவிடுகிறோம். 2006-இல் நான்கு வயது புதியா சிங்கைப் புரியிலிருந்து புவனேஸ்வரம் நோக்கி 65 கிலோமீட்டர் ஓடவிட்டுக் கைதட்டிய நாடுதானே. அதைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. என் குறை வேறு.

இந்த ஓட்டங்களில் பிள்ளை தன் வழியைத் தானே பார்ப்பதில்லை. முன்னால் பைலட் வண்டி, திருப்பத்துக்கு ஒரு காவலர். பள்ளி மைதானத்திலோ பி.டி. சாரின் விசிலுக்குப் பத்து ரவுண்டு. ஏற்றம் எங்கே, மண் எங்கே இளகும், கடைசித் திருப்பத்திலிருந்து எல்லைக்கோடு எவ்வளவு தூரம் என்று கேட்டால் முதல் பரிசு வாங்கியவனுக்கும் தெரியாது.

கிராஸ் கன்ட்ரி பிறந்ததே தடம் தேடும் விளையாட்டாகத்தான். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ரக்பி பள்ளியில், ‘முயல்’களான சில பையன்கள் காகிதத் துணுக்குகளை இறைத்துக்கொண்டே ஓடுவார்கள், ‘வேட்டைநாய்’களான மற்றவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துத் துரத்துவார்கள். தாமஸ் ஹியூஸ் 1857-இல் எழுதிய ‘டாம் பிரவுன்ஸ் ஸ்கூல் டேஸ்’ நாவலில் அந்த ஓட்டம் வருகிறது. வயலும் வேலியும் தாண்டித் தேடியதில் தம் தானாக வளர்ந்தது. நாம் தேடுவதைக் கழித்துவிட்டு மூச்சிரைப்பை மட்டும் வைத்துக்கொண்டோம்.

வழி தெரியாத பிள்ளைக்குத் தம்மும் நிற்காது என்பதுதான் இதில் கொடுமை. ஏற்றம் வருமிடம் தெரிந்தவன் அதற்கு முன்பே மூச்சைச் சேர்த்துவைப்பான். நம் மினி மாரத்தான்களிலோ கொடி அசைந்ததும் நூறு மீட்டர் பந்தயம்போல ஒரு பாய்ச்சல். அடுத்த தெருவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடை. இவனுக்குத் தம் போதாது என்று முடிவுகட்டி இன்னும் பத்து ரவுண்டு விடுகிறார்கள்.

வழியைக் கவனிக்காமல் தவறுவது பெரிய வீரர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 2012 டிசம்பரில் ஸ்பெயினின் நவாராவில் நடந்த கிராஸ் கன்ட்ரியில், கென்ய வீரர் ஆபேல் முதாய் எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்பே ஓட்டம் முடிந்ததென்று வேகத்தைத் தளர்த்திவிட்டார். பின்னால் வந்த இவான் பெர்னாண்டஸ் அவரை முந்தாமல் கோட்டைக் காட்டி அனுப்பினார். எல்லாரும் பெர்னாண்டஸின் நேர்மையைப் பேசுகிறார்கள். எனக்கு உறுத்துவது முதாய். அதே ஆண்டு ஒலிம்பிக் ஸ்டீபிள்சேஸில் வெண்கலம் வாங்கியவருக்குத் தம்மில் என்ன குறை? 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நம் புதுக்கோட்டை லட்சுமணன் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். தடத்தின் உள்விளிம்பைத் தாண்டிக் கால் வைத்ததற்காக வெண்கலம் பறிபோனது. ஒரு காலடியை வைத்து ஒரு பயிற்சி முறையையே பழிப்பது அதிகம் என்பார்கள். இருக்கட்டும். கண்ணுக்குப் பயிற்சி வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

அந்தப் பயிற்சிக்கு நகரியில் ஏரிக்கரை உண்டு, ஆற்று மணல் உண்டு, மாந்தோப்பு உண்டு. கடலோடிகளே திசைக்குறியாகக் கொண்ட ‘நகரி மூக்கு’ மலை தலைக்கு மேலே நிற்கிறது. முதல் நாள் பிள்ளைகள் ஓடவே வேண்டாம். பாதையை நடந்து பார்த்துவிட்டு வந்து மண்ணில் வரைந்து காட்டட்டும். மறுநாள் கொடியையும் அவர்களே நடட்டும்; பழைய வழக்கப்படி இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் வெள்ளை. கொடியை ஒருமுறை தப்பான இடத்தில் நட்டால்தான் என்ன, அடுத்த ஓட்டத்தில் தெரிந்துகொள்வார்கள். பிறகு ஓடட்டும், விசில் இல்லாமல், பக்கத்தில் வருபவனோடு பேச முடிகிற வேகத்தில்.

முள்ளும் பாம்பும் உள்ள இடத்தில் பிள்ளைகளை விட்டால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். உலக விதிப்படியே கிராஸ் கன்ட்ரி பாதை 1,500 முதல் 2,000 மீட்டருக்குள் சுற்றி வருவதுதான். பிள்ளைகளுக்கு அதிலும் பாதி போதும். ஏரிக்கரை மேட்டில் நிற்கும் ஓர் ஆசிரியர் முழுவதையும் பார்த்துக்கொள்ளலாம். சென்னை–திருப்பதி சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓடவிடுவதற்குத்தான் காவலர் படை வேண்டியிருக்கிறது.