உறைந்த நீரின்மேல் ஓர் ஊர்

உறைந்த நீரின்மேல் சறுக்கி விளையாடும் மக்களைத் தீட்டிய ஓவியம் என்றவுடன், கலை வரலாறு அறிந்தோர் ஒல்லாந்து நாட்டையே நினைப்பர். அம்மண்ணிலேயே முளைத்துத் தழைத்த கலை அது என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் முழு உண்மை அன்று என்பதே நம் கருத்து.

ஹென்ட்ரிக் அவர்காம்ப் (1585–1634) ஏறத்தாழ 1608ஆம் ஆண்டில் தீட்டிய குளிர்காலக் காட்சி, ஆம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தை அணிசெய்கிறது. நாம் அதனை நூலகத்து நூலொன்றின் அச்சுப்படியிலேயே கண்டோம். எனினும் கண்ணை எடுக்க இயலவில்லை. உயர்ந்த அடிவானத்தின் கீழ் ஓர் ஊரே திரண்டு நிற்கிறது. செல்வரும் எளியோரும் ஒரே பனித்தளத்தில் உலவுகின்றனர். ஒரு மூலையில் செத்த விலங்கை நாய் குதறுகிறது. தலைவன் என்று தனித்துச் சுட்ட அங்கு ஒருவரும் இல்லை.

அவர்காம்ப் வாய் பேச இயலாதவர். 'காம்பன் நகரத்து ஊமை' என்றே அழைக்கப்பெற்றார். பேச்சின்மையே அவர் பார்வையைக் கூர்மையாக்கிற்று என்று கூறி அமைவது எளிது. நாம் அதனை ஏற்கத் தயங்குகிறோம். பேசாதார் பலர் இருந்திருப்பர். இவ்வாறு தீட்டியவர் இவரே.

விடை படத்திலேயே உள்ளது. இடப்புறத்தே பழைய கதவொன்றைக் குச்சியால் நிமிர்த்திப் பறவைப் பொறி வைத்திருக்கிறார்கள். பீட்டர் புரூகல் 1565இல் தீட்டிய சறுக்குக் காட்சியிலும் இத்தகைய பொறியே உண்டு. புரூகலோ தெற்கே ஆண்ட்வெர்ப்பிலும் பிரசல்ஸிலும் வாழ்ந்தவர். 1585இல் ஆண்ட்வெர்ப் ஸ்பானியப் படையிடம் வீழ்ந்தபின், பல்லாயிரவர் வடக்கே குடிபெயர்ந்தனர். வின்க்பூன்ஸ், கோனிங்ஸ்லோ முதலிய ஓவியர்களும் ஆம்ஸ்டர்டாமை அடைந்தனர். புரூகலின் மரபு வடக்கே சென்ற வழிகளுள் இதுவும் ஒன்று. அந்நகரில் ஓவியம் பயின்ற அவர்காம்ப் அதனைக் கற்றுக்கொண்டார். படத்திலுள்ள மதுவடிசாலையின்மேல் ஆண்ட்வெர்ப் நகரின் சின்னத்தையும் அவர் தீட்டியிருப்பது கருதத்தக்கது.

குறையும் கூறவேண்டும். புரூகலிடம் பொறி ஓர் எச்சரிக்கை: பறவைக்குக் கதவு எவ்வாறோ, மாந்தர்க்கு மெல்லிய பனித்தளம் அவ்வாறு. அவர்காம்பிடம் அவ்வெச்சரிக்கை தளர்ந்து வேடிக்கையாகிவிடுகிறது. ஆயினும், புரூகலிடம் தொலைவில் புள்ளிகளாய் நின்ற மக்களை அவர் அருகழைத்து, ஆடையும் நடையும் தனித்தனியே வழங்கினார். ஆழம் குறைந்தது, அன்பு பெருகியது.

பெயர்ந்து வந்தோர் கொணர்ந்த கலை, புகுந்த நாட்டின் நீரையும் குளிரையும் ஏற்று, ஒரு தலைமுறைக்குள் அந்நாட்டின் முகமாகவே ஆயிற்று. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மனோர் இப்படத்தை ஒருமுறை அமைதியாக நோக்குக; நோக்குங்கால் அப்பழங்கதவை முதலில் தேடுக.