ஆக்கமும் தொகுப்பும்: தெளிவத்தை ஜோசப்பின் இலக்கியப் பணி

தமிழிற் பாடினோர் வேறு, தொகுத்தோர் வேறு என்று பிரித்தெண்ணும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆயினும் இவ்விரு தொழிலும் ஒருவரிடத்தே கூடியதற்குச் சான்று இல்லாமற் போகவில்லை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. அப்பாண்டியன் பெயரால் அமைந்த பாட்டொன்றும் அந்நூலிலேயே இடம்பெற்றுள்ளது. பிற்காலத்திற் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடு தேடி அலைந்திராவிடிற் பழந்தமிழ்ச் செல்வத்துட் பெரும்பகுதி செல்லுக்கு இரையாகியிருக்கும். அவர்கள் தேடியவை பல நூற்றாண்டுப் பழமை வாய்ந்த ஓலைகள். ஊவா மலைகளிலிருந்து எழுந்த ஓர் எழுத்தாளர் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தேடியவையோ, சில பத்தாண்டுகளுக்கு முன் அச்சேறிய செய்தித்தாட் பக்கங்கள். பழமை குறைவாயினும் அழிவு அவற்றை அணுகியே நின்றது. அவ்வெழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்.

பதுளை மாவட்டத்து ஹாலி எலவைச் சார்ந்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934ஆம் ஆண்டு பிறந்தவர் இவர். தந்தையார் சந்தனசாமி தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர். அப்பள்ளியில் எழுத்தறிந்து, கும்பகோணத்திற் சில ஆண்டுகளும் பின்னர்ப் பதுளை புனித பீட்ஸ் கல்லூரியிலும் பயின்று, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் பணியாற்றினார். பிற்காலத்திற் கொழும்புப் பகுதிக்குப் பெயர்ந்து கணக்காளராகத் தொழில் புரிந்தபோதும், தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரைத் தம் பெயரின் முன் கொண்டே எழுதிவந்தார். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது இவருக்கு அளிக்கப்பெற்றது. 2022ஆம் ஆண்டு ஒக்டோபரில் இயற்கை எய்தினார்.

இவர்தம் கதைகளின் இயல்பை அறியத் தோட்டத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். துரையின் பங்களா மேட்டில் இருக்கும். தொழிலாளரின் லயங்கள் பள்ளத்தில் இருக்கும். உத்தியோகத்தர் குடியிருப்பு இரண்டற்கும் இடையே நிற்கும். எழுதுவினைஞன் அவ்விடை நிலத்தில் வாழ்பவன். துரையின் கட்டளையைத் தமிழில் இறக்குபவனும் தொழிலாளியின் குறையைத் துரையின் செவிக்கு ஏற்றுபவனும் அவனே. பெயரும் நாளும் கூலியும் குறிக்கும் செக்றோலில் ஒருத்தி எத்தனை நாள் கொழுந்தெடுத்தாள் என்பது இருக்கும். அவள் எவ்வாறு வாழ்ந்தாள் என்பது இராது. பேரேட்டில் இடம்பெறாத அவ்வாழ்வே ஜோசப்பின் கதைப்பொருளாயிற்று. லயத்தினுள் நிற்பவனின் சினமோ, தொலைவிலிருந்து நோக்குபவனின் இரக்கமோ அவர் நடையில் மேலோங்குவதில்லை. இடையில் நின்று இரு பக்கத்தையும் கேட்டுப் பழகிய ஒருவரின் நிதானமும் மெல்லிய எள்ளலுமே அதன் தனித்தன்மை.

இதற்குச் சிறந்த சான்று ‘மீன்கள்’ என்னும் சிறுகதை. லயத்தின் ஒற்றைக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்துறங்க வேண்டியுள்ளது. மகள் வளர்ந்துவிட்டாள், பெற்றோரின் அந்தரங்கத்துக்கு மறைவென்று ஓர் அடி நிலமும் இல்லை. வீட்டுப் பற்றாக்குறை என்று அறிக்கைகள் ஒரு சொல்லிற் கூறி முடிக்கும் பொருள், இக்கதையில் ஒரு மனிதனின் நாணமாக மாறுகிறது. தோட்ட நிருவாகத்தின் மீது ஆசிரியர் நேரே குற்றஞ் சாட்டுவதில்லை. அறையின் அளவே குற்றச்சாட்டாகின்றது. மலையகச் சிறுகதையிற் பிரசாரத்தினின்றும் கலை விலகி நிற்கும் இடம் யாது என்று வினவுவார்க்கு இக்கதையைச் சுட்டினால் அமையும்.

1979இல் வெளிவந்து இலங்கைச் சாகித்தியப் பரிசு பெற்ற ‘நாமிருக்கும் நாடே’ என்னும் தொகுதியின் தலைப்பும் கருதத்தக்கது. பாரதியின் பாடலை நினைவூட்டும் இத்தொடர், ஊவாத் தோட்டங்களிற் கசப்பு நிறைந்த பொருளைப் பெற்றுவிடுகிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகக் கொண்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் வகுத்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் முடிவு செய்ய வைத்தது. உடன்பிறந்தார் பிரிந்தனர், ஒரே லயத்தில் வாழ்ந்தோர் இரு நாட்டவராயினர். அக்காலத்தில் ‘நாமிருக்கும் நாடே’ எனத் தலைப்பிடுவது உரிமைக் குரலும் ஆகும். விடையில்லா வினாவும் ஆகும்.

நாவலிலே இவ்வெற்றி இவருக்கு அதே அளவில் வாய்த்தது எனல் இயலாது. 1974இல் வெளிவந்த ‘காலங்கள் சாவதில்லை’ தோட்ட வாழ்வை அகன்ற பரப்பிற் காட்ட முனைகிறது. எனினும் சிறுகதைகளின் இறுக்கம் அதன்கண் தளர்ந்தே காணப்படுகிறது. நெடுநாட் கழித்து 2010இல் வந்த ‘குடை நிழல்’ தலைநகரில் ஐயத்துக்கு ஆளாகிக் கைதாகும் தமிழனின் நிலையைக் கூறுவது. களம் சுருங்கிய அந்நூலில் ஆசிரியரின் பழைய கூர்மை மீண்டும் புலனாகிறது. நெருங்கிய இடமும் சிறு காலமும் கிடைத்தவிடத்தே இவர் கலை சிறக்கும் என்பது பொருந்தும்.

இனி, தொகுப்புப் பணியை நோக்கலாம். மலையகக் கதைகள் பெரும்பாலும் நாளிதழ்களின் வாரப் பதிப்புகளிலும் சிற்றிதழ்களிலும் வெளிவந்தவை, நூலாகியவை சில. எழுதியவருட் பலர் கப்பலேறினர். மழையும் ஈரமும் ஓயாத மலைநாட்டில் தாள் நெடுநாள் நில்லாது. 1983ஆம் ஆண்டு ஜூலை வன்செயல் பதுளை நகரையும் விட்டுவைக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பர். மலையகத்திலோ எரிவதற்கும் அத்தகைய நூலகம் இருந்ததில்லை. இந்நிலையில், 1990களின் பிற்பகுதியில் ஜோசப் தேடித் தொகுத்த ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்னும் இரு நூல்களும் வெளிவந்தன. அவற்றைத் தம் துரைவி பதிப்பகத்தின் வழி வெளியிட்டவர் துரை விஸ்வநாதன். பழந்தொகை நூல்கள் கூறும் தொகுத்தோன், தொகுப்பித்தோன் என்னும் உறவு இங்கே மீண்டும் அமைந்ததெனலாம். இத்தேட்டத்தின் பயனாக ‘மலையகச் சிறுகதை வரலாறு’ 2000ஆம் ஆண்டில் எழுந்தது.

இப்பணி பற்றி இரு தடைகள் எழுப்பப்படலாம். தொகுக்கப்பட்ட கதைகள் யாவும் ஒரே தரத்தன அல்ல என்பது ஒன்று. அது மெய்யே. ஆயின் தேர்ந்தெடுக்கும் தொகுப்பு வேறு, காக்கும் தொகுப்பு வேறு. முன்னையது பல நூல்கள் கைவசம் உள்ள சமுதாயத்திற்கு உரியது. ஒரு பிரதியும் கிட்டாதவிடத்துக் காத்தலே முதற்கடன். தெரிதல் பின்னர் வருவது. மற்றொன்று, தாமே முன்னணி எழுத்தாளராய் இருப்பவர் அத்துறையின் வரலாற்றை நடுநிலையில் எழுதல் கூடுமோ என்பது. இதுவும் எளிதில் ஒதுக்கற்பாலதன்று. உடனெழுதிய நண்பர்பால் அவருக்கு இருந்த பரிவு சிற்சில மதிப்பீடுகளை மென்மையாக்கியிருத்தல் கூடும். எனினும் தமக்கு முன்னோடியாக வேறொருவரைத் தேடிச் சென்றவர் அவர். தொழிற்சங்கத் தலைவரும் பத்திரிகையாளருமான கோ. நடேசய்யரின் எழுத்துகளில் மலையகச் சிறுகதையின் தொடக்கத்தை அவர் காட்டியமை, தம் தலைமுறையே முதல் தலைமுறை என்னும் செருக்கு அவரிடம் இல்லாமையைப் புலப்படுத்தும்.

மலையகத்தில் இவ்விரட்டைத் தொழிலை மேற்கொண்டவர் இவர் ஒருவரே அல்லர். கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து நாட்டார் பாடல்களைத் திரட்டினார். சாரல்நாடன் நடேசய்யரின் வரலாற்றை மீட்டார். எழுதுவோரே தேடுவோராகவும் இருக்க நேர்ந்தமை அம்மண்ணின் நிலையால் விளைந்தது. பல்கலைக்கழகமும் ஆவணக் காப்பகமும் செய்திருக்க வேண்டிய பணியைத் தொழில் முடிந்து எஞ்சிய மாலைப் பொழுதிற் சிலர் தலைமேற்கொண்டனர். ஜோசப் எழுதிய புனைகதை நூல்கள் எண்ணிக்கையிற் குறைவாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். எழுதப்படாத கதைகள் சிலவற்றின் விலையாகப் பிறர் எழுதிய பல கதைகள் பிழைத்தன எனின், அவ்விழப்பைக் குறையாகக் கொள்ளுதல் தகுமோ?

பேரேட்டில் விடுபட்டதைக் கதையாக்கியதும், நூலில் விடுபட்டதைத் தொகுப்பாக்கியதும் ஒரே உள்ளத்தின் இரு செயல்களே. ஒரு மனிதன் கணக்கிலிருந்து தவறிவிடலாகாது என்னும் கவலையே இரண்டற்கும் வேர். மலையகப் பக்கங்கள் இன்னும் பழைய இதழ்க் கட்டுகளிற் கட்டவிழாமற் கிடக்கின்றன. அவற்றை அவிழ்த்துப் படிப்பதும், படித்தபின் அஞ்சாது தரம் பிரிப்பதும் இன்று பயிலும் இளைஞர்மேல் நின்ற கடனாகும். காத்தற்றொழிலை ஜோசப் செய்து முடித்த அளவிற்கே தெரிதற்றொழில் அவர்களுக்கு எளிதாகும்.