மணிக்கட்டில் காற்றுக் கணக்கு

தென்காசியிலிருந்து கிழக்கே போனால் தூத்துக்குடிக் கடல் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். மேற்கே ஆரியங்காவு கணவாயைத் தாண்டிப் போனால் கோவளம் அதைவிடச் சற்றே கூடுதல் தொலைவு. இரு பக்கமும் கடல் எட்டும் தூரத்தில் இருந்தும், ஸ்கூபா கருவியைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்க நம் ஊரில் கடை கிடையாது. ஒன்று ஆன்லைனில் வரவழைக்க வேண்டும்; இல்லையென்றால் துபாயிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரிடம் சொல்லிவிட வேண்டும். கையில் தொட்டுப் பார்க்க வழியில்லாதபோது விலையும் வசதிகளின் பட்டியலுமே அளவுகோலாகிவிடுகின்றன. அந்தப் பட்டியலின் உச்சியில் இருப்பது, சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் கம்பியில்லாமல் மணிக்கட்டில் காட்டும் டைவ் கம்ப்யூட்டர். இருப்பதிலேயே பாதுகாப்பானது இதுதான் என்று நம்பிப் பலர் முதல் கருவியாகவே இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

டைவ் கம்ப்யூட்டரின் அடிப்படை வேலை வேறு. ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரைகிறது. வேகமாக மேலேறினால் அது குமிழிகளாகி மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்கும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று 1908இல் ஜே.எஸ். ஹால்டேன் அட்டவணை வகுத்துக் கொடுத்தார். 1983இல் ‘எட்ஜ்’ என்ற கருவி சந்தைக்கு வந்தபின் அந்தக் கணக்கை நொடிக்கு நொடி போட்டுக் காட்டும் கம்ப்யூட்டர்கள் பரவின. காற்றளவு பிறகு சேர்ந்த வசதி. சிலிண்டரோடு இணையும் மூச்சுக் கருவியான ரெகுலேட்டரின் உயர் அழுத்தத் துளையில் விரல் நீளமுள்ள ஒரு டிரான்ஸ்மிட்டரை முடுக்கிவிட்டால், அது சிலிண்டரின் அழுத்தத்தைச் சில நொடிக்கு ஒருமுறை மணிக்கட்டுக்கு அனுப்பும். சுவிட்சர்லாந்தின் ஊவாடெக் நிறுவனம் 1990களின் தொடக்கத்திலேயே இப்படிப்பட்ட கருவியை விற்றது.

இந்த வசதியின் பலத்தை ஒரு கணக்கே காட்டிவிடும். வாடகைக்குப் பரவலாகக் கிடைப்பது 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர். அதில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்று அடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தரையில் நிமிடத்துக்கு 18 லிட்டர் சுவாசிப்பவர் 18 மீட்டர் ஆழத்தில் 2.8 மடங்கு செலவழிப்பார். அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 லிட்டர், அழுத்தத்தில் 4.5 பார். 50 பார் கையிருப்பை விட்டுவிட்டால் 33 நிமிடம் தாங்கும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்த நேர்ந்து மூச்சு 27 லிட்டராக ஏறினால் 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதே ஆழத்தில், கட்டாய நிறுத்தமின்றி மேலேற பேடி (PADI) டைவ் பயிற்சி அமைப்பின் அட்டவணை தரும் நேரம் 56 நிமிடம். ஆகவே நடுத்தர ஆழத்தில் நம்மை மேலே அனுப்புவது காற்றுதான், நைட்ரஜன் அல்ல. எளிய கம்ப்யூட்டர் இன்னும் அரை மணி நேரம் இருக்கலாம் என்று காட்டிக்கொண்டிருக்கும் வேளையில் சிலிண்டர் காலியாகிக்கொண்டிருக்கலாம். அந்த இடைவெளியை டிரான்ஸ்மிட்டர் அடைக்கிறது.

இரண்டாவது பலம் கற்பித்தல். கரைக்கு வந்தபின் பதிவை எடுத்துப் பார்த்தால் எந்த நிமிடத்தில் மூச்சு ஏறியது, எங்கே அடங்கியது என்பது கோடாகத் தெரியும். தன் மூச்சை எண்ணாக அறிந்தவர் அடுத்த முறை நிதானமாகத் திட்டமிடுவார். சிலிண்டரின் அழுத்தத்தை முள்ளால் காட்டும் பழைய முள்மானியைக் கழற்றிவிட்டால் அதன் குழாய் தொங்கிக்கொண்டு பவளத்தில் உரசாது என்பதையும் நன்மையாகச் சொல்வார்கள்.

இனிக் குறைகள். திரையில் ‘இன்னும் இத்தனை நிமிடம்’ என்று வரும் எண், கடைசி ஓரிரு நிமிடச் சுவாசத்தை வைத்துப் போட்ட மதிப்பீடு. சில கருவிகள் நேராக மேலேறும் நேரத்தை மட்டும் கழிக்கின்றன. மேலேறும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதற்கான காற்று அந்தக் கணக்கில் வராது. கையேட்டைப் படிக்காதவருக்கு இது தெரியாது.

கையிருப்பு எவ்வளவு என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை, நாம்தான் அதற்குச் சொல்கிறோம். வழக்கமான 50 பாரைச் சோதித்துப் பார்ப்போம். 18 மீட்டரில் துணைக்கு வந்தவரின் காற்று தீர்ந்து, இருவரும் ஒரே சிலிண்டரில் சுவாசிக்கிறார்கள். பதற்றத்தில் இருவருக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 60 லிட்டர் என்று கொள்வோம். நிதானப்பட ஒரு நிமிடத்துக்கு 168 லிட்டர், மேலேற இரண்டு நிமிடத்துக்கு 228, மூன்று நிமிட நிறுத்தத்துக்கு 270. மொத்தம் 666 லிட்டர், அதாவது 60 பார். 50 பாரில் இருவரும் முழு நிறுத்தத்தோடு கரை சேர முடியாது. எத்தனை விலை கொடுத்து வாங்கிய கருவியும் இதைத் தானாகச் சொல்லாது. இறங்குமுன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவருக்குத்தான் கருவி முழுமையாக உதவும்.

இன்னொன்று. சிலிண்டர் வால்வு அரைகுறையாகத் திறந்திருந்தால், மூச்சிழுக்கும்போது முள்மானியின் முள் துடித்து இறங்கும். பயிற்சி பெற்றவர் படகிலேயே இதைப் பார்த்துத் திருத்திவிடுவார். சில நொடிக்கு ஒருமுறை மட்டும் எண்ணை மாற்றும் டிரான்ஸ்மிட்டரில் இந்தத் துடிப்பு தவறிப்போகலாம். நம் வெயிலும் ஒரு குழப்பம் செய்யும். படகில் 45 டிகிரிக்குச் சூடேறிய சிலிண்டரில் 200 பார் இருந்தால், 28 டிகிரி நீரில் இறங்கியதும் அது 190 வாக்கில் வந்து நிற்கும். கசிவு என்று பதற வேண்டியதில்லை. ஆனால் அந்த 10 பாரைத் திட்டத்தில் கழித்திருக்க வேண்டும்.

கம்பியில்லாத் தொடர்பும் அறுபடக்கூடியது. உப்பு நீரில் சாதாரண வானொலி அலை ஓடாது. அதனால் பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்கள் தாழ்ந்த அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. ஏறக்குறைய ஒரு கை நீளந்தான் எட்டும். கேமரா ஃபிளாஷ், நீருக்கடியில் இழுத்துச் செல்லும் மோட்டார் ஸ்கூட்டர் ஆகியவை அருகில் வந்தால் தடுமாறும். கார்மினின் டி1 ஒலியலையில் பேசுவதால் 10 மீட்டர் வரை எட்டி, கூட வருபவரின் சிலிண்டரையும் காட்டும். ஆனால் அது அந்த நிறுவனத்தின் கருவிகளோடு மட்டுமே பேசும். பல நிறுவனங்கள் இப்படித்தான் நம்மைத் தம்மோடு கட்டிப்போடுகின்றன. கருவியை மாற்றினால் டிரான்ஸ்மிட்டரையும் மாற்ற வேண்டியிருக்கலாம். உறவினர் கொண்டுவந்த கருவிக்கு இங்கே உத்தரவாதம் செல்லுமா, பேட்டரியை நாமே மாற்ற முடியுமா என்ற இரண்டையும் பணம் கொடுக்குமுன் கேட்பது அவசியம்.

ஆழம் கூடினால் நிலைமை தலைகீழாகும். 30 மீட்டரில் அதே 18 லிட்டர் மூச்சுக்காரரின் காற்று 23 நிமிடம் வரும்; அட்டவணை அனுமதிப்பதோ 20 நிமிடம். அங்கே முதலில் முடிவது நைட்ரஜன் கணக்கு. ஒரே நாளில் இரண்டாம் முறை இறங்கினால் அந்த நேரம் இன்னும் சுருங்கும். கரையேறியபின்னும் அந்தக் கணக்கு தொடரும். தூத்துக்குடியில் டைவ் செய்துவிட்டு மாலையே குற்றாலம் வந்து அருவியில் நின்றால் கவலையில்லை. இரண்டு ஊர்களும் 300 மீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்கின்றன. அதே மாலை 2,000 மீட்டருக்கு மேலிருக்கும் கொடைக்கானலுக்கு ஏறினால் ஆபத்து. பல முறை மூழ்கியவர் விமானம் ஏறவும் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டர் இல்லாத எளிய கம்ப்யூட்டரும் இந்தக் காத்திருப்பு நேரத்தைக் காட்டும்.

மன்னார் வளைகுடாவை நினைத்தால், முதலில் எளிய கம்ப்யூட்டர், பிறகே டிரான்ஸ்மிட்டர் என்ற வரிசையின் அவசியம் இன்னும் உறைக்கிறது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. சங்கு குளிப்பு இன்றும் நடக்கிறது. ஒரு மூச்சில் மூழ்கி எழுவதே மரபு. இப்போது படகிலிருக்கும் கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியே காற்று வாங்கிக் குளிப்பவர்களும் உண்டு. அவர்கள் முதுகில் சிலிண்டர் இல்லை. டிரான்ஸ்மிட்டர் மாட்ட இடமே இல்லை. எரிபொருள் இருக்கும்வரை காற்று வந்துகொண்டே இருக்கும். சிலிண்டர் டைவரைக் காலியாகும் காற்றே மேலே அனுப்பிவிடுகிறது. கம்ப்ரஸர்காரருக்கு அந்த இயற்கையான எல்லை இல்லாததால் நேரம் நீள்கிறது, நைட்ரஜன் சேர்கிறது, கைகால் விழும் அபாயம் கூடுகிறது. ஆழமும் நேரமும் காட்டும் எளிய கம்ப்யூட்டர் ஒன்று அவர்கள் மணிக்கட்டில் இருந்தால் அது உயிர்காக்கும் கருவி. ஒரு டிரான்ஸ்மிட்டரின் விலைக்கு அப்படி ஒன்றை வாங்கிவிடலாம். விடுமுறைக்கு மூழ்குபவருக்கு எட்டியிருக்கும் இந்தப் பாதுகாப்பு, வயிற்றுக்காக மூழ்குபவருக்கும் எட்ட வேண்டும். மானியத்திலாவது அவர்களுக்கு இதைத் தர மீன்வளத் துறை முன்வர வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை இதுதான். முதல் செலவு பயிற்சிக்கு. அடுத்தது, கலங்கிய நீரிலும் எண் பளிச்செனத் தெரியும் எளிய கம்ப்யூட்டர். பின்னால் டிரான்ஸ்மிட்டர் சேர்க்கக்கூடியதாக இருந்தால் நல்லது. அடிக்கடி கடலுக்குப் போய், தன் மூச்சை எண்ணாக அறிய விரும்பும் கட்டம் வந்தால் டிரான்ஸ்மிட்டர் வாங்கலாம். அப்போதும் முள்மானியைக் கழற்ற வேண்டாம். கையிருப்பை 70 பாராக வைத்துக்கொண்டு, துணைக்கு வருபவரிடம் காற்றளவை அடிக்கடி கேளுங்கள். மணிக்கட்டு எண் அணைந்துபோனால் டைவை முடித்துக்கொண்டு மேலேறுவது என்று இருவரும் படகிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் பழகிக்கொண்டவருக்கு இந்தக் கருவி கொடுத்த விலைக்குத் தகும்.