சேப்பாக்கம் கலச மஹால்: பாடம் பாதிதான் வந்து சேர்ந்தது

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டியது 1768 வாக்கில். கட்டிக் கொடுத்தவர் பால் பென்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர்னு பொதுவாச் சொல்றாங்க. கலச மஹால், ஹுமாயூன் மஹால்னு இரண்டு பகுதி. செங்கல், சுண்ணாம்பு, தேக்கு உத்திரம். அதுதான் மொத்தச் சரக்கு. 1855இல் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசில்லாமல் இறந்தபிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அப்புறம் முழுக்க ஆபீஸ், ஃபைல் கட்டு.

2012 ஜனவரியில் கலச மஹால் தீப்பிடித்துக் கூரை இடிந்தது. இடிச்சுட்டு கான்கிரீட் போட்டிருக்கலாம். பொதுப்பணித் துறை அப்படிச் செய்யவில்லை. பழையபடியே சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் கலந்த சாந்து. உத்திரத்தின் மேல் சின்னச் செங்கல்லை நிற்க வைத்து அடுக்கும் மெட்ராஸ் டெரஸ் தளம். இதை மனசாரப் பாராட்டணும். இப்போ பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்குது. பூட்டி வைக்காமல் புழங்கவிட்டதும் சரியான முடிவுதான்.

சுண்ணாம்பு ஏன் முக்கியம்? பழைய செங்கல் மிருதுவானது, தண்ணீரை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். பாஸ்டனில் 1796இல் கட்டிய ஓடிஸ் மாளிகை மாதிரியான ஃபெடரல் பாணி செங்கல் வீடுகளுக்கும் இதே கதைதான். சாந்து செங்கல்லைவிட மிருதுவா இருக்கணும்னு அமெரிக்க தேசியப் பூங்காத் துறை வீட்டுக்காரர்களுக்கே புரியும்படி கையேடு போட்டிருக்கு.

என் குறை இங்கேதான். கலச மஹாலில் கிடைத்த அறிவு வேலூரைத் தாண்டி ஆம்பூர், வாணியம்பாடி வரை வரவில்லை. நம்ம பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீரே உப்பு. 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம் இது. சிமென்ட் பூச்சு அதிகமாகக் கெடுக்கக்கூடிய ஊர்கள் இவை. ஆனா பழைய வீட்டுச் சுவர் உதிர்ந்தால் கொத்தனார் முதலில் கேட்பது "எத்தனை மூட்டை சிமென்ட்?" பூசி, பெயின்ட் அடித்து, ‘புதுப்பிச்சாச்சு’ங்கறோம். சில வருஷத்தில் மறுபடி உதிர்ந்தால் வீடே பழசு, இடிச்சுடலாம்னு முடிவு.

அந்தச் சாந்தில் எது எவ்வளவு, எத்தனை நாள் ஊறணும், எப்படிப் பூசணும்? ஒரே தாளில், தமிழில் அச்சிட்டு நகராட்சி ஆபீஸ்களில் ஒட்டலாம். கொத்தனார்களுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுக்கலாம். நவாபின் வீட்டைக் காப்பாற்றிய துறைக்கு, நம்ம தெரு வீடுகளையும் காப்பாற்ற இது பெரிய செலவே இல்லை.